புரியல என்றால் ‘குட்’ சொன்னவர்

எங்கள் பக்கத்தில் யாராவது ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் அது மிரட்டல். அப்பா கேட்டால் வாயை மூடு என்று அர்த்தம். கணக்கு வாத்தியார் கேட்டால் அடுத்து முதுகில் விழப்போகிறது என்று அர்த்தம். கேட்டவர்கள் யாரும் பதிலுக்காக நின்றதில்லை. கேட்டுவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்து, பதில் வரும்வரை நின்ற மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்தேன். அவரைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை. என்னைப் பெண் பார்க்க இனிமேல் யாரும் வரப்போவதில்லை.

விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி இருந்த பீங்கான் சாமான் செய்கிற தகரச் செட்டுகளில் ஒன்றில் அறுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவுக்கு ஸ்டேஷனில் போர்ட்டர் வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டைவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவள். செட்டில் பெண்கள்தான் அதிகம். வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் அச்சின் உட்சுவரில் ஏடாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளே ஊறுகாய் ஜாடி நிற்கும். எங்களில் மூத்தவளான அஞ்சலை அக்கா ஜாடிப் பக்கம். நான் செட்டின் இன்னொரு கோடியில் கப்புப் பக்கம்.

நான் சொன்ன அந்த மனிதர் மேற்பார்வைக்கு வந்தவர். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், முப்பதுக்குள்தான் வயது இருக்கும். தமிழ் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தையும் யாரோ மரியாதையாகவே கற்றுக்கொடுத்திருந்தார்கள் போல. அவருக்கு ‘நீ, வா, போ’ தெரியவே தெரியாது. மண் சுமக்கிற பெண்ணையும் ‘வாங்கம்மா, நில்லுங்கம்மா’ என்பார். பிறந்ததிலிருந்து ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்டே பழகிய எங்களுக்கு முதல் வாரம் முழுக்கச் சிரிப்பு. தன் தமிழ் மேல் அவருக்கே நம்பிக்கை கிடையாது. அதனால் எதைச் சொன்னாலும் கடைசியில் ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்பார். வந்த இரண்டாம் நாளே அவருக்கு அண்டர்ஸ்டாண்ட் சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்த முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. ஈர அச்சில் கூழை ஊற்றக்கூடாது, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுக்கணும் என்பதை அவர் அரைத் தமிழிலும் அரை இங்கிலீஷிலும் விளக்கினார். ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ‘எஸ் சார்!’ என்றோம். மறுநாள் ஜாடிப் பக்கம் பூராவும் நாசம். ஈர அச்சில் மண் ஒட்டிக்கொண்டு பாதி ஜாடி அச்சோடு, பாதி கையோடு வந்தது. மேனேஜராக இருந்தால் கத்தியிருப்பார். இவர் கத்தவில்லை. உடைந்த ஜாடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அழப்போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏன் எஸ் சொன்னீங்க?”

அஞ்சலை அக்காதான் பதில் சொன்னாள். “ஆபீசரு கேக்கும்போது இல்லன்னா சொல்லுவாங்க? அது மரியாதயா சார்? நீங்க கேட்டீங்க, எஸ்ஸுன்னோம். ஒங்க பேச்சக் காதுல வாங்கிக்கிட்டோம்னு அர்த்தம்.”

“காதுல வாங்கறது வேற அம்மா. அண்டர்ஸ்டாண்ட் வேற.”

“அது ஒங்க ஊருல. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் எழுந்து ஒரு அச்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் என்பதற்கு எதிர்ச்சொல் அவருக்கு வாயில் வரவில்லை. கடைசியில், “அச்சுக்குத் தாகம் இருக்கணும். தாகம் இல்லன்னா அது தண்ணி குடிக்காது” என்றார்.

செட்டே கொல்லென்று சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு ஈர அச்சில் ஊற்றியவர்கள் யாரும் இல்லை. காலையில் வந்ததும் அச்சைக் கன்னத்தில் வைத்து, “இதுக்கு இன்னும் தாகம் எடுக்கலடி, வெயில்ல வை” என்று நாங்களே பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

அன்று அவர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் எஸ் கிடையாது. புரிந்தால் தன்னிடம் திருப்பிச் சொல்லணும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லணும்.  மண் பிசைகிற ஒரு அம்மா தைரியமாக, “எனக்கு ஒரு எழவும் புரியல சார்” என்றாள். அவர் முகம் மலர்ந்து “குட்!” என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். பரீட்சையில் பெயிலான எனக்கு, புரியவில்லை என்பதற்கு ஒருவர் ‘குட்’ சொல்வதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

புரியவில்லை என்று சொன்னவரை அவர் அப்போதே நச்சரிக்க மாட்டார். ‘குட்’ சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் அதையே வேறு ஒரு விதமாகச் சொல்ல வருவார். ராத்திரி முழுக்க அதையே நினைத்திருந்தவர் மாதிரி நேராக அந்த மேஜைக்குத்தான் வருவார். கப்புக்குக் கைப்பிடி ஒட்டும்போது எனக்கு அடிக்கடி விரிசல் விட்டது. சொல்லிப் பார்த்தார், எனக்கு ஏறவில்லை. மறுநாள் இரண்டு மண்துண்டுகளைக் கொண்டுவந்து, ஒன்றைக் காயவைத்து, ஒன்றை ஈரமாக வைத்து, இரண்டையும் என்னையே அழுத்தி ஒட்டச் சொன்னார். ஒட்டியது சாயங்காலத்துக்குள் பிட்டுக்கொண்டது. “கப், கைப்பிடி ரெண்டுக்கும் ஒரே ஈரம் வேணும்” என்றார். அன்றிலிருந்து என் கப்பில் விரிசல் இல்லை. ஆனால் அந்தக் காலை நேர வருகை எனக்குப் பிடித்துப்போயிற்று. புரிந்ததையும் புரியவில்லை என்று சொல்லப் பழகினேன். கப்புக்குப் பளபளப்பு ஏற்றுகிற மெருகுக் கலவை புரியவில்லை, சூளையில் அடுக்குகிற வரிசை புரியவில்லை. அவரும் சளைக்காமல் ‘குட்’ சொல்லி, மறுநாள் வந்தார். என்னை அவர் மக்கு என்று நினைத்திருப்பாரோ என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த இங்கிலீஷ் சொல்லை எங்கள் ஆட்கள் என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா. அஞ்சலை அக்கா தன் புருஷனிடம், “கொஞ்சம் அண்டர்ஸ்டாண்டா இருய்யா” என்பாள். சூளை அடுக்குகிற அண்ணன், பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதை “எங்களுக்குள்ள அண்டர்ஸ்டாண்டு வுட்டுப்போச்சு” என்பார். அவர் இதையெல்லாம் கேட்டுத் திருத்த மாட்டார். அவருக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு தடவைதான். மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பெண்கள் மெருகுக் கலவையை வீணடிப்பதாகத் தாங்கள் அண்டர்ஸ்டாண்ட் செய்வதாக அதில் எழுதியிருந்ததாம்.

“யாரும் இங்க வரல, பாக்கல. யாரோ சொன்னாங்க. அதுக்கும் அண்டர்ஸ்டாண்ட்னு எழுதறாங்க! இங்கிலீஷ்ல இது ஒரு மோசம் அம்மா” என்று என் மேஜையில் வந்து பொரிந்து தள்ளினார். காதில் விழுந்த வதந்திக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் என் வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வந்துபோன செய்தி செட்டுக்குள் பரவியது. அவர் கப்பு ஒன்றைத் தட்டிப் பார்ப்பது போல நின்றுகொண்டு, “ஐ அண்டர்ஸ்டாண்ட்... உங்களப் பாக்க யாரோ வந்தாங்களாம்” என்றார்.

“யாரோ சொன்னதா சார், இல்ல நீங்க பாத்ததா?” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கப்பு கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. “அந்த எடம் வாணாம்னு அப்பாவே சொல்லிட்டாரு” என்று நானாகவே சொன்னேன். கேட்காமலே சொன்னேன். அவர் உடைந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

அவர்மேல் எனக்கு ஆசை வந்தது அன்றைக்கு அல்ல. அதற்கும் முன்னால். சூளை அண்ணனின் சின்னப் பிள்ளை காய்ச்சலில் இறந்துபோயிற்று. செட்டில் எல்லோரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். இவரும் வந்தார். வாசலில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனின் எதிரே நின்று, “ஐ அண்டர்ஸ்டாண்ட்” என்றார். அதுவரை அவர் கேள்வியாக இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொன்ன கையோடு இல்லை என்று தலையை ஆட்டினார்.

“இல்லண்ணா. நான் சொன்னது தப்பு. எனக்குப் புள்ள இல்ல. எனக்கு இது புரியாது.”

சொல்லிவிட்டு வெறுந்தரையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.  காரியம் எல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அண்ணன் எங்களிடம் சொன்னார். “வந்தவன் எல்லாம் ஒன் கஷ்டம் புரியுதுப்பா, புரியுதுப்பான்னான். எழுந்து போயிட்டான். புரியலன்னு சொன்ன ஆளு ஒருத்தருதான் கூட ஒக்காந்தாரு.” இதைக் கேட்ட அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தீர்மானித்தேன், இருந்தால் இந்த மனுஷனோடு இருக்கணும் என்று. எங்களுக்கு வேறு ஊர், வேறு பேச்சு, வேறு சாதி. அப்பா என்ன சொல்வார் என்றெல்லாம் நினைக்கவே இல்லை. அவர் வந்து கேட்டால் நான் சரி என்று சொல்வேன், அவ்வளவுதான் தெரியும்.

அவர் கேட்கவும் செய்தார். ஐப்பசி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெளியில் காயவைத்த அச்சுகள் வரிசையாகக் கிடந்தன. திடுதிப்பென்று வானம் இருட்டியது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு நான் ஓடினேன். அந்தப் பக்கமிருந்து அவரும் ஓடி வந்தார். இருவருமாக அச்சுகளை மார்போடு அணைத்து அணைத்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தோம். கடைசி அச்சை வைக்கும்போது மழை கொட்டியது. தகரக் கூரையில் சத்தமான சத்தம். அச்சின் மாவு ஒட்டி அவருடைய சட்டையெல்லாம் வெள்ளை. மூச்சு வாங்கிக்கொண்டே, மனப்பாடம் செய்தவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“உங்க அப்பாகிட்ட நான் வந்து பேசலாமா? நீங்க சரின்னா மட்டும். எனக்கு எப்பவும் உங்ககூட இருக்கணும்.”

அப்புறம், முதல்முதலாக அந்த இங்கிலீஷ் சொல்லை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார்.

“புரியுதா?”

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. ஆனால் என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. என் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. அவ்வளவு நல்ல வார்த்தைகள் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டனவே என்று இருந்தது. மழைச் சத்தத்தில் பாதி போய்விட்டதே என்று இருந்தது. நாளைக் காலையில், மழை இல்லாமல், என் மேஜைக்கே வந்து, வேறு விதமாக இன்னொரு முறை சொல்வார். அதைக் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லலாம். தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வழக்கம்போலச் சொன்னேன்.

“புரியல சார்.”

அவர் ‘குட்’ என்று சொல்லவில்லை.  “பரவாயில்ல அம்மா” என்று சொல்லிவிட்டு, அந்த மழையில் நனைந்துகொண்டே ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

மறுநாள் காலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனேன். அவர் ஜாடிப் பக்கம் போனார், சூளைப் பக்கம் போனார். கப்புப் பக்கம் வரவில்லை. வேலை அதிகம் என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் பூ வைத்தேன். தீபாவளி வந்து போயிற்று. எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வார், மரியாதைக்குக் குறைவில்லை. நானாகப் போய், அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க என்று எப்படிக் கேட்பேன்? அந்தக் காலத்தில் ஒரு பெண் அதைக் கேட்க முடியுமா? ராத்திரி படுக்கையில் நூறுவிதமாகக் கேட்டுப் பார்ப்பேன். காலையில் அவரைப் பார்த்ததும் குனிந்து கைப்பிடி ஒட்ட ஆரம்பித்துவிடுவேன். மனசு மாறிவிட்டார் என்று நினைத்து அழுதேன். என்னை விட்டுவிட்டு ஏதோ பணக்கார இடத்துக்கு ஆசைப்பட்டுவிட்டார் என்று நினைத்துத் திட்டினேன். பொங்கல் கழித்து, அவரே எழுதிக் கேட்டு, சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டார் என்று தெரிந்தது.

செட்டில் மாலை போட்டு, வடையும் டீயும் கொடுத்து அனுப்பினோம். ஒவ்வொருவரிடமும் போய், “வரேம்மா, வரேண்ணா” என்றார். என்னிடமும் அதேதான் சொன்னார். ஒரு எழுத்துகூட அதிகம் இல்லை.

அன்று சாயங்காலம் ட்யூட்டி முடித்து வந்த அப்பா, கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

“ஒங்க ஆந்திரா சாரு இன்னிக்கு ரயில் ஏறுனாரு. நாந்தான் பொட்டி தூக்கி வெச்சேன். காசு குடுத்தாரு, வாணாம்னுட்டேன். நம்ம புள்ளய ‘நீங்க’ன்னு பேசுற மனுசன்கிட்ட காசு வாங்குறதா? எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தாரு. ரெண்டு மூணு வாட்டி வாயத் தொறந்தாரு. வண்டி நவுந்துடுச்சு.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ பேசியாயிற்று. அந்த மூன்று வாக்கியங்களை அவர் குரலில் இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்ற ஆசை மட்டும் இன்றுவரை அடங்கவில்லை. அடங்கும் என்றும் தோன்றவில்லை.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிற வேலை மாப்பிள்ளைக்கு. குறை சொல்ல முடியாத மனுஷன். செட்டு வேலையை விட்டுவிட்டேன். எழுபதுகள் பிறந்து, எனக்கு முதல் குழந்தையும் பிறந்த பிறகு, மாசி மகத்துக்கு விருத்தாசலம் வந்தோம். பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டு ஆற்று மணலில் கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் பொரி வாங்கப் போயிருந்தார். பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அஞ்சலை அக்கா.

குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள், முத்தம் கொடுத்தாள். “ஒம் மூக்குடி இவளுக்கு” என்றாள். செட்டுக் கதையெல்லாம் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் புள்ள. இப்ப சொன்னா என்னா, கல்யாணமாயிடுச்சே. அந்த ஆந்திரா சாரு, ஐப்பசியில ஒரு பெரிய மழ பேஞ்சுச்சே, அதுக்கு மறுநா காலயில ஒன்னப் பத்தி எங்கிட்ட கேட்டாரு.”

“என்னா கேட்டாரு?”

“‘அம்மா, உங்க ஊர்ல ஒருத்தர் கல்யாணத்துக்குக் கேட்டு, பொண்ணு புரியலன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?’னாரு. பேரு சொல்லல. சொல்லணுமா? கப்புப் பக்கமே பாத்துக்கிட்டுல்ல கேக்குறாரு. நான் சொன்னேன், ‘வயசுப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா வாணாம்னு சொல்லுமா சார்? புரியலன்னா வாணாம்னுதான் அர்த்தம். திருப்பிக் கேட்டு அதச் சங்கடப்படுத்தாதீங்க’ன்னு. தங்கமான மனுசன். அதோட ஒன் பக்கம் வரவே இல்லல்ல?”

எனக்கு நல்லது செய்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிற மனுஷன் அவர். எங்கள் எஸ்ஸுக்கு வேறு அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். என் வார்த்தைக்கும் வேறு அர்த்தம் இருக்கும் என்று நம்பி, தெரிந்தவளிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

“வரலக்கா” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கொஞ்சிக்கொண்டிருந்த கை நின்றது.

“ஏம் புள்ள... ஒனக்கு வாணாம்னுதான இருந்துச்சு?”

“வேணும்னு இருந்துச்சுக்கா. அவரு வாயால இன்னொரு வாட்டி கேக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்.”

அஞ்சலை அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். “அழாதக்கா, எல்லாரும் பாக்குறாங்க” என்று நான்தான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அதற்குள் வீட்டுக்காரர் பொரிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

“யாரு இது?”

“செட்டுல எங்கூட வேல செஞ்ச அக்கா.”

“ஏன் அழுவுது?”

“ரொம்ப நாள் கழிச்சு என்னப் பாக்குதுல்ல, அதான்.”

“புரியுது, புரியுது” என்று அவர் தலையாட்டினார். பொரியை என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு, பெண்ணாடம் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று முன்னால் நடந்தார்.